புல்லுக்குப் பயந்த கை

பாம்படிக்கத்தான் அந்த இரும்புத் தடியை வைத்திருக்கிறார் என்று அதியமான்கோட்டைப் பக்கம் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நினைத்தவர்கள்மேல் தப்பில்லை. ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண் சேலையைத் தூக்கிச் செருகி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வரப்பில் நின்று தரையையே உற்றுப் பார்த்துத் தடியை ஓங்கினால் வேறென்ன நினைப்பது? பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருநாள் கட்டையை எடுத்துக்கொண்டு ஓடியே வந்துவிட்டார். எந்தப் பக்கம் போச்சு என்று கேட்டவருக்கு, அக்கா பந்து போன பக்கம் கையைக் காட்டினார். பாவம், மனிதர் சோளக்காட்டுக்குள் வெகுநேரம் பாம்பைத் தேடிவிட்டுப் போனார்.

அக்கா என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். பெயரை எழுதினால் எனக்குத்தான் திட்டு விழும். சொந்த அக்கா இல்லை. அப்போது நான் மினி லாரி வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர் லான் புல் பயிர் செய்துகொண்டிருந்தார். அவருடைய புல்லை ஏற்றிக்கொண்டு போவது என் வேலை. அவர் வீட்டுக்காரரை மாமா என்று கூப்பிடுவேன். உறவு இவ்வளவுதான். ஆனால் கூடப் பிறந்தவளிடம்கூட நான் அத்தனை பேச்சு வாங்கியதில்லை.

லான் புல் என்றால் பங்களா வாசலிலும் கல்யாண மண்டபத்துத் தோட்டத்திலும் பச்சைப் பசேலென்று கிடக்குமே, அதுதான். சுற்றிலும் எல்லாரும் ராகியும் தக்காளியும் போட்டுக்கொண்டிருந்தபோது அக்கா மட்டும் அதைப் போட்டார். நன்றாக அடர்ந்ததும் வேரில் ஒட்டிய மண்ணோடு சதுரம் சதுரமாக வெட்டி எடுக்க வேண்டும். அந்தச் சதுரத்துக்குப் பாய் என்று பெயர். பாயைச் சுருட்டி, ஈரச் சாக்கைப் போர்த்தி வண்டியில் ஏற்றினால், மறுநாளைக்குள் போய்ச் சேரும் மண்ணில் விரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பழுத்துப்போகும்.

அந்தப் புல்லை அவர் பார்த்துக்கொண்ட விதத்தைப் பார்த்தால் பெற்ற பிள்ளைகளுக்கே பொறாமை வரும். செருப்புக் காலை ஒருவரும் உள்ளே வைக்க முடியாது. புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி போட்டோ எடுக்க வந்தபோது, மாப்பிள்ளையின் ஷூவைக் கழற்றவைத்து, கேமராவைத் தாங்கும் மூன்று காலுக்கும் அடியில் பலகைத் துண்டு வைத்த பிறகுதான் விட்டார். என் வண்டியின் பின்சக்கரம் ஒருமுறை பாத்தி ஓரத்தில் ஏறிவிட்டது. அவர் ஓடிவந்தார். அப்படியே உட்கார்ந்து, நசுங்கிய புல்லை விரலால் ஒவ்வொன்றாக நிமிர்த்திவிட ஆரம்பித்தார். நான் பக்கத்தில் அசடு வழிந்துகொண்டு நின்றேன். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

ஓசூரைத் தாண்டி ஒரு கோல்ஃப் மைதானம் இருந்தது. மழையில் மண் அரித்த இடங்களுக்குப் போடப் புல் வேண்டும் என்று அங்கிருந்து அடிக்கடி ஆர்டர் வரும். மற்ற இடங்களுக்கு என்னை மட்டும் அனுப்புகிற அக்கா, அங்கே மட்டும் தானே வண்டியில் ஏறி உட்கார்ந்துகொள்வார். அந்த ஆட்கள் பாயை விரிக்கத் தெரியாமல் விரிக்கிறார்கள் என்பது அவருடைய குறை. அவரே மண்டி போட்டு, ஒரு பாயின் ஓரத்தை இன்னொரு பாயின் ஓரத்தோடு நெருக்கி அமுக்கி, மேலே மணல் தூவி, தண்ணீர் விட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

அப்படிப் போன ஒரு நாளில்தான் அது நடந்தது. அங்கே ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் கோச் ஒருவர் இருந்தார். வீட்டில் கன்னடம் பேசுகிறவர், எங்களிடம் தமிழில் பேசுவார். தண்ணீர் விட்டுவிட்டு அக்கா சும்மா நின்றிருந்தபோது, அடிச்சுப் பாக்கறீங்களா மேடம் என்று சிரித்துக்கொண்டே ஒரு ஸ்டிக்கை நீட்டினார். அக்கா வாங்கி ஓங்கி வீசினார். காற்றுதான் விசுக்கென்றது. பந்து வைத்த இடத்திலேயே இருந்தது. மறுபடி வீசினார். அப்போதும் அப்படியே. புல் போடும் ஆட்கள் சிரித்தார்கள். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது நான்தான்.

திரும்பி வரும்போது ஸ்டிக்கைப் பிடித்த மாதிரியே கையை வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். கிருஷ்ணகிரி டோல்கேட்டில் வண்டி நின்றபோதுதான் வாய் திறந்தார்.

“ஓடுற மாட்டையே புடிச்சுக் கட்டியிருக்கேன் தம்பி. நிக்கிற பந்த அடிக்க முடியலயே.”

காவேரிப்பட்டணம் தாண்டினால் மறந்துவிடுவார் என்று நினைத்தேன். ஆளைத் தெரிந்திருந்தும் எப்படி நினைத்தேனோ தெரியவில்லை. அவர் மொபெட் கற்றுக்கொண்ட கதையை நான் கண்ணால் பார்த்தவன். சர்வீஸ் ரோட்டிலிருந்து அவர் தோட்டத்துக்குத் திரும்புகிற இடத்தில் ஒரு வளைவு இருக்கிறது. அந்த வளைவில் அவர் வண்டியோடு பள்ளத்தில் விழுந்தார். மறுநாளும் அதே இடத்தில் விழுந்தார். நேர் ரோட்டில் ஓட்டிப் பழகுங்கள், வளைவு தானாக வரும் என்று மாமா தலையால் அடித்துக்கொண்டார். “நேர் ரோட்ல நான் எதுக்கு விழுவேன்? விழற எடத்துலதான ஓட்டணும்” என்று சொல்லிவிட்டு, முட்டியில் மஞ்சளைப் பூசிக்கொண்டு மறுபடியும் அந்த வளைவுக்கே போனார். வராததை வரவைக்காமல் விடமாட்டார். அந்தக் குணத்துக்காகத்தான் இத்தனை வருஷம் கழித்தும் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த தடவை போனபோது கோச்சிடம் கேட்டு, யாரோ வேண்டாமென்று போட்டிருந்த ஒரு பழைய ஸ்டிக்கை வாங்கிக்கொண்டார். ஸ்டிக்குக்கெல்லாம் நம்பர் உண்டு, இது ஏழாம் நம்பர். கூடவே குளத்திலிருந்து எடுத்த பழைய பந்துகள் ஒரு பை நிறைய. அந்த ஒரே ஸ்டிக்கை வைத்துக்கொண்டு அக்கா தோட்டத்துப் பக்கம் ஒரு கோல்ஃப் மைதானமே உண்டாகிவிட்டது. வீம்புக்கு நானும் அடித்தேன். என் அடி பந்தைத் தூக்கிக்கொண்டு போய் மாந்தோப்புக்கு அந்தாண்டை போட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா நெற்றியில் கையை வைத்து மாந்தோப்பைப் பார்த்துவிட்டு, “தூரம் போச்சு. எங்க போச்சு?” என்று கேட்டார். இன்றுவரை அந்தப் பந்து கிடைக்கவில்லை.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு, கை நரம்பு புடைக்க ஸ்டிக்கைப் பிடிப்பேன். அவர் பால் கறக்கும்போது மாட்டின் காம்பைப் பிடிக்கிற மாதிரி பிடிப்பார். நழுவவும் கூடாது, வலிக்கவும் கூடாது. இறுக்கிப் பிடித்தால் மாடு உதைக்கும், இதுவும் அப்படித்தான் என்பார். அடித்ததும் பந்து எங்கே போகிறதென்று என் தலை தானாக நிமிர்ந்துவிடும். அவர் நிமிரவே மாட்டார். பந்து போன இடத்தைப் பார்ப்பது என் வேலை, பந்து இருந்த இடத்தைப் பார்ப்பது அவர் வேலை என்று பிரித்துக் கொடுத்துவிட்டார். வரப்பை ஒட்டி வரிசையாகத் தென்னை நின்றது. அவர் அடி மூன்றாவது தென்னை வரைக்கும்தான் போகும். அதைத் தாண்ட அவர் ஆசைப்பட்டதே இல்லை. தன் அளவு மூன்றாவது தென்னை என்று தெரிந்துவிட்டது, போதும், மிச்சத் தூரம் எத்தனை அடியில் போக வேண்டும் என்று அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பார். என்னால் அது முடியாது. கண்ணுக்குத் தெரிகிற கடைசித் தென்னைமேல்தான் எனக்குக் கண்.

சாயந்தரமானால் சிமெண்டுக் களத்தில் பந்தை உருட்டுவார். ஒரு சொம்பைக் கிடத்தி வைத்து அதற்குள் உருட்ட வேண்டும். களத்தின் ஒரு பக்கம் தாழ்வு, தண்ணீர் ஓடுவதற்காகக் கொத்தனார் விட்டது. அந்தத் தாழ்வில் பந்து எப்படி வளைந்து வரும் என்று அவருக்கு மனப்பாடம். மாமா சேரைப் போட்டுக்கொண்டு பார்ப்பார். நல்ல மனுஷர். ஆனால் பெண்டாட்டிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்ற பயம் அவருக்கு உள்ளுக்குள் இருந்தது. சோறு ஆகிவிட்டதா என்று கேட்பதற்குப் பதில், சொம்புல விழுந்துச்சா என்று கேட்டுப் பார்ப்பார்.

இதெல்லாம் எதற்கு என்றால், ஒரு திங்கட்கிழமைக்காக.

அந்த மைதானத்தில் திங்கட்கிழமை மெம்பர்களுக்கு விடுமுறை. அன்றைக்கு மட்டும் அங்கே வேலை செய்கிறவர்களும், புல், மணல், உரம் கொண்டு வருகிறவர்களும் விளையாடலாம் என்று ஒரு வழக்கம். ஆனால் சும்மா விட்டுவிடமாட்டார்கள். வருஷத்துக்கு ஒருமுறை கோச் ஒரு டெஸ்ட் வைப்பார். ஒன்பது குழியிலும் பந்தைப் போட்டு அறுபது அடிக்குள், அதாவது மொத்தம் அறுபது தடவை அடிப்பதற்குள், முடிக்க வேண்டும். முடித்தால் வருஷம் முழுக்கத் திங்கட்கிழமை உள்ளே போகலாம். முடிக்காவிட்டால் இன்னொரு வருஷம் ஒரு வாய்ப்பு. அதிலும் தவறினால் அதோடு சரி, அப்புறம் கேட்கவே கூடாது. தரை கெட்டுப்போகும் என்பதற்காக அப்படி ஒரு கண்டிப்பு.

உங்களுக்கு எதற்கு அக்கா இந்த வேலை என்று நான் ஒருமுறை கேட்டேன். புல் மூட்டைக்குச் சாக்கு நனைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். கோபமாகச் சொல்வார் என்று நினைத்தேன், சாதாரணமாகத்தான் சொன்னார்.

“நான் போட்ட புல்லு தம்பி அது. அத்தன பேரு அதுமேல நடந்து போறாங்க, வெளையாடறாங்க. நான் மண்டி போட்டுத்தான் அதப் பாத்திருக்கேன். ஒரு நாளாச்சும் நின்னு பாக்க வேணாமா?”

அதன்பிறகு நான் அவரைக் கிண்டல் செய்வதை விட்டுவிட்டேன். முழுக்க விட்டுவிட்டேன் என்று சொன்னால் பொய், கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

முதல் டெஸ்டில் தோற்றார். தோற்றார் என்பது மரியாதையான வார்த்தை. உருட்டுவதெல்லாம் நன்றாகத்தான் உருட்டினார். ஆனால் ஸ்டிக் பந்தின் அடியில் போகாமல் தலையில் பட்டது. பந்து எழும்பாமல் தரையோடு தவளை மாதிரி தத்திக்கொண்டு ஓடியது. கடைசிக் குழிக்கு முன்னால் ஒரு குளம் இருக்கிறது. தவளைக்குக் குளத்தைப் பார்த்தால் விடுமா? பந்து பந்தாக உள்ளே போயிற்று. எத்தனை போயிற்று என்று எண்ண எனக்கு மனசு வரவில்லை. பையில் பந்து தீர்ந்ததும் அக்கா ஸ்டிக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டு, அடுத்த வருஷம் வர்றனுங்க சார் என்று கோச்சிடம் சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டார்.

அந்தத் தவளை அடி அவரை விடவில்லை. தோட்டத்தில் மண்வரப்பில் வைத்து அடித்தால் பந்து சிலசமயம் எழும்பும். புல்மேல் வைத்தால் ஒருமுறைகூட எழும்பாது. என் போனில் வீடியோ எடுத்து, அடுத்த லோடு போனபோது கோச்சிடம் காட்டினோம். அவர் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்.

“மேடம், கீழ வர்ற வரைக்கும் எல்லாம் சரியா இருக்கு. பந்துகிட்ட வந்ததும் உங்க கை மேல ஏறுது பாருங்க. முதல்ல பந்து, அப்புறம் புல்லு. பந்த அடிச்ச வேகத்துல ஸ்டிக்கு அதுக்கு முன்னால இருக்கற புல்லையும் வெட்டிட்டுப் போகணும். வெட்டினாத்தான் பந்து ஏறும்.”

“புல்ல வெட்டணுமா?”

“ஆமா மேடம். மண்ணோட பிஞ்சு வரணும்.”

அக்கா போனை என்னிடம் கொடுத்துவிட்டார். திரும்பும்போது சூளகிரி போயிற்று, கிருஷ்ணகிரி போயிற்று. ரேடியோவைப் போட்டேன், அணைத்துவிட்டார். ஹைவேயை விட்டு சர்வீஸ் ரோட்டில் இறங்கி, அவர் மொபெட்டோடு விழுந்த அந்த வளைவுக்கு வந்தபோதுதான் சொன்னார்.

“தம்பி, என் கை புல்லுக்குப் பயப்படுது.”

நான் வண்டியை நிறுத்திவிட்டேன். எத்தனையோ பேர் பந்தைத் தப்பாக அடிக்கிறார்கள். உடம்பு வளையாது, அவசரம், என்னைப் போலத் திமிர், ஏதோ ஒன்று. ஆனால் புல்லுக்கு வலிக்குமே என்று கடைசி நொடியில் கை மேலே ஏறுகிற ஆளை நான் அவரைத் தவிரப் பார்த்ததில்லை.

பயத்தை எங்கே போக்குவது? அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். விழுகிற இடத்திலேயே ஓட்ட வேண்டும்.

கிணற்றை ஒட்டிய பாத்தியில் புல் அறுப்புக்குத் தயாராக நின்றது. அந்த வருஷம் விளைந்ததிலேயே அதுதான் சரியான பாத்தி. கையை வைத்தால் கம்பளி மாதிரி இருக்கும். காலையில் நான் சாக்கு எடுக்கப் போனபோது அக்கா அந்தப் பாத்தியின் நடுவில் ஏழாம் நம்பரோடு நின்றுகொண்டிருந்தார். வெறுங்கால். பந்துகூட வைக்கவில்லை. ஓங்கினார், வீசினார், கை மேலே ஏறிவிட்டது. புல் நுனிதான் ஆடியது. மறுபடி ஓங்கினார், மறுபடியும் அதேதான். மூன்றாவது தடவை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஒரு போடு போட்டார். உள்ளங்கை அகலத்துக்குப் புல் மண்ணோடு பிய்ந்து என் காலடியில் வந்து விழுந்தது.

மாமா பல் துலக்கிக்கொண்டிருந்த வாயோடு ஓடிவந்தார். என்னைப் பார்த்தார், பாத்தியைப் பார்த்தார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். வெளஞ்ச பயிரை எவனாவது இப்படிக் கொத்திப் போடுவானா என்று கத்தினார். அக்கா ஸ்டிக்கை ஊன்றிக்கொண்டு திரும்பினார். முகமெல்லாம் வேர்வை. அழுதிருந்தாரோ என்னவோ, துண்டால் துடைத்ததில் எனக்குத் தெரியவில்லை.

“விக்கறதுக்கு வெட்றப்ப நமக்கு வலிச்சுதாங்க? எனக்குன்னு வெட்றப்ப மட்டும் எதுக்கு வலிக்கணும்?”

மாமா வாய் கொப்புளிக்கப் போய்விட்டார். திரும்பி வந்தபோது கையில் ஒரு கூடை இருந்தது. அக்கா வெட்ட வெட்ட, பிய்ந்து விழுந்த புல்லைப் பொறுக்கிக் கூடையில் போட ஆரம்பித்தார். தினமும் காலையில் அந்தப் பாத்தியில் இதே வேலைதான் நடந்தது. கண்ணை மூடி வெட்டியவர் திறந்துகொண்டு வெட்டினார். அப்புறம் பந்தை வைத்து வெட்டினார். பொறுக்கிய புல்லை மாமா வாய்க்கால் ஓரத்தில் ஊன்றிவிட்டார், அது பிடித்துக்கொண்டது. பாத்தி மட்டும் அம்மை வந்த முகம் மாதிரி ஆயிற்று. அந்தப் போகத்துக்கு அதிலிருந்து ஒரு பாய்கூட எடுக்க முடியவில்லை. ஆனால் பந்து எழும்பியது. கொக்கு கிளம்புவதுபோல நிதானமாக எழும்பி, மூன்றாவது தென்னைக்குப் பக்கத்தில் இறங்கியது.

இரண்டாவது டெஸ்டுக்கு ஒரு வாரம் முன்னால் அந்த மைதானத்தில் நல்ல மழை. கடைசிக் குழியில், குளத்துக்கு இந்தப் பக்கம் கரை அரித்துவிட்டது. புல் வேண்டுமென்று போன் வந்தது. அக்காதான் போய் விரித்தார். புதுப் புல் விரித்த இடத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு போடுவது அங்கே வழக்கம். கோட்டுக்குள் பந்து விழுந்தால் எடுத்து வெளியில் வைத்துக்கொள்ளலாம், அதை ஒரு அடியாக எண்ணமாட்டார்கள். வேலை ஆள் சுண்ணாம்பு வாளியோடு வந்து நின்றான். அக்காவுக்கு அது கௌரவக் குறைச்சலாகப் போய்விட்டது.

“கோடெல்லாம் வேணாம். என் புல்லு ரெண்டு நாள்ல வேர் புடிச்சுக்கும்” என்று அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

டெஸ்ட் அன்றைக்கு நான்தான் பையைத் தூக்கினேன். மாமாவும் வந்திருந்தார், கேட் பக்கத்திலேயே ஒரு மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார், பார்க்கத் தைரியம் இல்லை. அக்கா அன்றைக்கு ஆடிய ஆட்டத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் அதன் அழகு. மூன்றாவது தென்னை, மறுபடி மூன்றாவது தென்னை, அப்புறம் உருட்டல். நடுவில் ஒருமுறை மணல் குழிக்குள் விழுந்து கொஞ்சம் சீரழிந்தார். ஆனாலும் முகம் மாறவில்லை. கடைசிக் குழிக்கு வந்து நின்றபோது ஐந்து அடி மிச்சம் இருந்தது.

கணக்கு எனக்கே புரிந்தது. இரண்டு அடியில் குளத்துக்கு இந்தப் பக்கம் வந்துவிடலாம். மூன்றாவது அடி குளத்தைத் தாண்ட வேண்டும். மிச்சம் இரண்டு உருட்ட. குளத்தைச் சுற்றிக்கொண்டு போக அடி போதாது. தண்ணீரில் விழுந்தால் இந்த ஜென்மத்துக்குத் திங்கட்கிழமை கிடையாது.

முதல் அடி நேராகப் போயிற்று. இரண்டாவதும் நேராகத்தான் போயிற்று, உருண்டுகொண்டே போய்ப் புதுப் புல்லின் நடுவில் நின்றது. போன வாரம் அவர் மண்டி போட்டு விரித்த அதே பாய்.

அக்கா பக்கத்தில் போய்க் காலை ஊன்றினார். பாய் அவர் காலடியில் லேசாக நழுவியது. வேர் பிடிக்கவில்லை. மழை ஈரத்தில் ஊறிக்கிடந்தது. அதில் ஸ்டிக் இறங்கினால் உள்ளங்கை அகலம் அல்ல, பாயே பிய்ந்துகொண்டு வரும். கோச்சிடம் ஓடினேன். புதுப் புல் சார், எடுத்து வெளியில் வைத்துக்கொள்ளலாம்தானே என்று கெஞ்சினேன். அந்த மனிதருக்கும் ஆசைதான். ஆனால் அவர் அக்காவைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

“கோடு இருந்தா எடுக்கலாம் மேடம். நீங்கதான வேணாம்னீங்க.”

அக்கா தலையாட்டினார். “நான்தான் சார் சொன்னேன்.”

எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. பெருமைக்கு மாவு இடித்தாகிவிட்டது, இனி என்ன செய்வது? அவரோ குளத்தைப் பார்த்தார். அப்புறம் குனிந்து புல்லைப் பார்த்தார். அந்தக் கை எனக்குத் தெரியும். நசுங்கிய புல்லை ஒவ்வொன்றாக நிமிர்த்திய கை அது. இப்போது மேலே ஏறாமல் இருக்குமா? ஏறினால் தவளை, தவளை என்றால் தண்ணீர். கோச் தன்னை அறியாமல் “நிதானா, நிதானா” என்று கன்னடத்தில் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

காம்பைப் பிடிப்பதுபோல ஸ்டிக்கைப் பிடித்தார். ஓங்கினார். இறக்கினார்.

பாதிப் பாய் பிய்ந்து, மண்ணும் வேருமாக முன்னால் பறந்தது. அந்தச் சேற்றுக்குள்ளிருந்து பந்து மேலே போயிற்று. நான் அதைப் பார்க்க வேண்டும், அது என் வேலை. பார்த்தேன். அக்கா பார்க்கவில்லை. குனிந்த தலை குனிந்தபடியே, கிழிந்து கிடந்த அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“தாண்டிச்சா தம்பி?”

“தாண்டிடுச்சுக்கா. மேல நிக்குது” என்றேன்.

வேறு யாராக இருந்தாலும் குதித்திருப்பார்கள். நானாக இருந்தால் குளத்திலேயே குதித்திருப்பேன். அவர் போய்ப் பிய்ந்த பாயைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். கிழிந்த இடத்தில் பொருத்தி வைத்து, முட்டி போட்டு உள்ளங்கையால் அமுக்கி, குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீரை அதன்மேல் ஊற்றினார். கோச் அவசரப்படுத்தவில்லை. பாட்டில் காலியான பிறகுதான் குளத்தைச் சுற்றிக்கொண்டு மேலே நடந்தோம். பந்து குழியிலிருந்து தள்ளித்தான் நின்றது. தரை வலதுபக்கம் தாழ்வு. களத்தில் கொத்தனார் விட்ட தாழ்வு மாதிரியே இருந்தது. முதல் உருட்டலில் பந்து வளைந்துபோய்க் குழிக்குப் பக்கத்தில் நின்றது. இரண்டாவதில் சொம்பில் விழுகிற சத்தத்தோடு உள்ளே விழுந்தது.

கோச் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கையை நீட்டினார். அக்கா தன் மண் கையைச் சேலையில் துடைத்துவிட்டு அவர் கையைப் பிடித்தார். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவும் இல்லை. இவ்வளவுக்கும் அந்த அம்மாள் என்ன சொன்னார் தெரியுமா? குளத்துக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டி, இதைத்தான் சொன்னார்.

“அந்தப் பாயி இனிமே புடிக்காதுங்க சார். மாத்தணும். திங்கக்கெழம வர்றப்ப நானே ஒண்ணு எடுத்தாறேன்.”

வண்டியை விற்றுவிட்டு நான் திருப்பூர் வந்து பல வருஷம் ஆகிவிட்டது. டெஸ்ட் முடிந்து வந்த முதல் திங்கட்கிழமை எனக்கு வேறு லோடு இருந்ததால் அக்காவை நான் கூட்டிப்போகவில்லை. தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் ஓசூர் பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஒரு கையில் ஏழாம் நம்பர் இருந்தது. மடியில், கிணற்றுப் பாத்தியில் மறுபடி தழைத்த புல்லிலிருந்து வெட்டிச் சுருட்டிய ஒரு பாய், ஈரச் சாக்குச் சுற்றி இருந்தது. சேலை நனைகிறதே அக்கா, கீழே வையுங்கள் என்றேன்.

“கீழ வெச்சா மிதிச்சிருவாங்க தம்பி” என்றார். பஸ் கிளம்பிவிட்டது.